நூறு நாள் நின்ற பூவரசு

நெற்றியில் பலமாகப் பட்டுவிட்டதா? கம்பியில் இடித்ததை நான் பார்த்தேன். இந்தாருங்கள், தண்ணீர். குடிக்க இல்லை, கைக்குட்டையை நனைத்து வைத்து அழுத்துங்கள். "இந்த ரோட்டப் போட்டவன் கை வெளங்குமா" என்று நீங்கள் கேட்டது என் காதில் விழுந்தது. நடத்துநர் காதிலும் விழுந்தது, அவர் சிரித்தார். கேட்டதில் தவறே இல்லை. ஒரே ஒரு திருத்தம் மட்டும். ரோடு போடுகிறவர்களில் பெண்களும் உண்டு. ஒருத்தி உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். சற்று முன் உங்கள் முறுக்குத் தூக்கு உருண்டபோது எட்டிப் பிடித்தது அவள் கைதான்.

எழுந்திருக்க வேண்டாம், வேறு இருக்கையும் காலி இல்லை. இந்தச் சாலை என்னுடையது அன்று. என் எல்லை இன்னும் இருபது கிலோமீட்டருக்கு அப்பால், நகராட்சிப் பெயர்ப்பலகையில் தொடங்குகிறது. நான் உதவிப் பொறியாளர். மங்கையர்க்கரசி, எம்.இ. பட்டத்தையும் சேர்த்துச் சொல்லிப் பழகிவிட்டது. பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பு, பட்டிமன்றத்தில் மூன்று ஆண்டும் சுழற்கோப்பை. பேச்சு இப்படி வருவது அதனால்தான். "மேடம் பேசினா நோட்டீஸ் ஒட்டின மாதிரி இருக்கு" என்று அலுவலகத்தில் சொல்வார்கள். சொல்லட்டும். நான் சுற்றி வளைத்துப் பேசுகிறவள் இல்லை. பதினொரு ஆண்டுப் பணியில் எந்த ஒப்பந்தக்காரரிடமும் ஒரு குவளைத் தேநீர் வாங்கிக் குடித்ததில்லை. இதை எதற்காக இப்போது சொல்கிறேன் என்றால்... எதற்காகவோ சொல்கிறேன். காலையிலிருந்து இதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன்.

நீதிமன்றத்திலிருந்து வருகிறேன். சாட்சி சொல்லிவிட்டு. எதிரே நின்றவர் பெயர் சவரிமுத்து. எங்கள் ஊரில் பழைய சந்தைத் தெருவில் பஞ்சர் கடை வைத்திருந்தவர். பொதுச் சாலையைத் தோண்டிச் சேதப்படுத்தினார், அதனால் ஒரு பெண்ணுக்குக் கொடுங்காயம் ஏற்பட்டது என்று அவர்மேல் வழக்கு. வழக்குக்கு அடிப்படை ஓர் அறிக்கை. அறிக்கையை எழுதியது நான். அவர் தோண்டவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அப்படிப் பார்க்காதீர்கள். வரிசையாகச் சொல்கிறேன், கேட்டுவிட்டுப் பாருங்கள்.

பழைய சந்தைத் தெருவின் குறுக்கே ஒரு வாய்க்கால் போகிறது. அதன்மேல் ஒரு சிறுபாலம். பாலம் என்றதும் நீங்கள் நினைக்கிற பாலம் இல்லை. நான்கு கற்பலகை, அவற்றின்மேல் சாலை. வண்டியில் போகிறவனுக்குப் பாலம் இருப்பதே தெரியாது. யார் கட்டியது, எப்போது கட்டியது, எந்தத் தாளிலும் இல்லை. நாற்பது ஆண்டுகளாக ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தாரை ஊற்றி ஊற்றி, சாலை ஒன்றரை அடி உயர்ந்துவிட்டது. வீட்டுக்குப் படி ஏறிப் போனவர்கள் இப்போது படி இறங்கிப் போகிறார்கள். அத்தனை பாரமும் அந்த நான்கு கல்லின்மேல். நான் பொறுப்பேற்ற ஆண்டே வடக்கு ஓரக் கல் விரிந்திருந்தது. அந்த மூலையில் ஒரு குழி. ஜல்லி கொட்டித் தார் ஊற்றி ரோலரை ஓட்டினால் இருபது நாள் நிற்கும். இருபத்தோராம் நாள் அதே இடம், அதே குழி.

ஒட்டுப் போட்டால் தீராது, பாலத்தையே இடித்துக் கட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? மூன்று முறை மதிப்பீடு அனுப்பினேன். முதல் முறை ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது: இந்தத் தெரு முன்பு வேறொரு துறையிடம் இருந்தது, அவர்கள் நகராட்சிக்கு ஒப்படைத்த பட்டியலில் சாலை இருக்கிறது, பாலம் இல்லை, ஆகவே பாலம் யாருடையது? அந்தத் துறையைக் கேட்டேன். "ரோட்டைக் குடுத்தப்பவே பாலத்தையும் குடுத்தாச்சு மேடம், தாலி கட்டிக் குடுத்த பொண்ணை ஏன் திரும்பக் கொண்டாந்து விடுறீங்க" என்றார் அங்கிருந்த அலுவலர். வாய்க்காலுக்கு உரியவர்களைக் கேட்டேன். தண்ணீர் எங்களுடையது, கல் எங்களுடையது இல்லை என்றார்கள். இரண்டாம் முறை நிதி இல்லை என்றார்கள். மூன்றாம் முறை போனது வரவே இல்லை. முப்பது வார்டு, பாதி எனக்கு. இருப்பது ஒரு ரோலர், அதுவும் நான் பாவாடை கட்டிய காலத்தில் வாங்கியது. இதையெல்லாம் இன்று கூண்டில் நின்று சொன்னேன். தெளிவாகச் சொன்னேன். இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் நடுங்குவதே இல்லை.

சென்ற ஆண்டு ஆடி மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் அந்தக் குழியில் விழுந்து எழுந்தார்கள். மறுநாள் சவரிமுத்து ஒரு பூவரசம் போத்தை வெட்டி வந்து குழியில் நட்டார். உங்கள் ஊரிலும் இந்த வழக்கம் இருக்குமே? சாலையில் குழி விழுந்தால் யாராவது ஒருவர் கிளையை ஒடித்துச் செருகிவிடுவார். தூரத்திலேயே தெரியும், வண்டிகள் ஒதுங்கிப் போகும். நகராட்சிக்கு மனு எழுதி, அது நடந்து, குழி மூடுவதற்குள் ஒரு கிளையாவது நிற்கட்டும் என்று. ஒன்று கவனியுங்கள். குழியால் பிழைக்கிற தொழில் அவருடையது. குழியில் இறங்கிய சக்கரம் நேராக அவர் கடைக்குத்தான் வரும். இருந்தும் நட்டார். இது எனக்கு அப்போது தோன்றவில்லை. சொல்லப்போனால் அதற்கு நேர்மாறாகத் தோன்றியது. அதற்கு வருகிறேன்.

ஜீப்பில் நான் போகும்போதெல்லாம் கடை வாசலிலிருந்து கையைத் தூக்குவார்.

"அம்மா, ஒங்க குழிக்கு நாந்தாம்மா வாச்மேன்!"

"அது என் குழி இல்லை, சவரிமுத்து."

"பின்ன எம் மாமனார் குழியா? அவரு சீதனமா ஒரு சைக்கிள்தான் குடுத்தாரு."

ஓட்டுநர் முருகையா சிரிப்பார். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வார்.

ஆவணியில் அந்தப் போத்து துளிர்த்தது. ஆமாம், தார்ச் சாலையின் நடுவில். முதலில் நான்கு இலை, பிறகு கை அகலத்துக்கு ஒரு கொத்து. அன்றைக்குச் சவரிமுத்து ஜீப்பையே மறித்தார். சிரிக்கவில்லை.

"அம்மா, இறங்கி ஒரு நிமிசம் பாருங்க. தார் ரோட்டுல துளுக்குதுன்னா கீழ ஈரம் ஓடுதுன்னு அர்த்தம். கல்லுக்கு அடியில மண்ணு கரைஞ்சு போயிருச்சும்மா. ஒரு நா இல்லாட்டி ஒரு நா மொத்தமா உக்காந்துரும்."

மண் இயக்கவியலில் நான் வாங்கிய மதிப்பெண் தொண்ணூற்றொன்று. துளிரைப் பார்த்ததும் அந்த மதிப்பெண்காரிக்கு முதலில் தோன்றியிருக்க வேண்டியது அது. பஞ்சர் ஒட்டுகிறவர் வாய்விட்டுச் சொன்ன பிறகும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று: யாராவது இதைப் படம் எடுத்துவிடுவார்களே.

எடுத்தார்கள். தெரு இளைஞர்களுக்கு வேறு வேலை? ஒருவன் அட்டையில் எழுதி மரத்தில் கட்டினான். கோயில் குழல்விளக்கில் கொடுத்தவர் பெயரை எழுதுவார்களே, அந்தப் பாணியில், "உபயம்: மங்கையர்க்கரசி எம்.இ., உதவிப் பொறியாளர்" என்று. என் பட்டத்தைக்கூட விடவில்லை. சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம். "இந்த மரத்தடியில் எச்சில் துப்பாதீர்" என்று இன்னோர் அட்டை. அதையாவது பொறுத்துக்கொண்டேன். ஐப்பசியில் நூறாவது நாள் விழா கொண்டாடினார்கள். சினிமாவுக்குச் செய்வது போல. பதாகை கட்டி, "வெற்றிகரமான நூறாவது நாள், பழைய சந்தைத் தெரு மகா ஜனங்களின் பேராதரவுடன்" என்று போட்டு, வந்து போகிறவர்களுக்கெல்லாம் கேசரி. அந்தப் பதாகையில் நான் எங்கோ பொன்னாடை வாங்கிய புகைப்படம். யார் கொடுத்தார்களோ. காணொளி ஊரெல்லாம் சுற்றி என் கணவர் வேலை பார்க்கும் வங்கிவரை போயிற்று. அங்கே, "மரம் உங்க வீட்டுதா சார்?" என்று கேட்டார்களாம். அவர் அதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். மனிதர் நல்லவர், சிரிக்கத் தெரிந்தவர். எனக்கு அது வராது.

முறுக்கா? வேண்டாம். நான் யாரிடமும்... சரி, ஒன்று கொடுங்கள். நீங்கள் ஒப்பந்தக்காரர் இல்லையே.

அறிக்கையில், "போக்குவரத்துக்கு இடையூறாக இருந்தமையால் மரக்கிளை அகற்றப்பட்டது" என்று ஒரு வரி முதலில் இருந்தது. பிறகு அந்த வரியையே எடுத்துவிட்டேன். நேராகச் சொல்கிறேன். இடையூறு ஒன்றும் இல்லை. அது நின்ற நூறு நாளும் அந்த இடத்தில் ஒருவர்கூட விழவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது, பிடுங்கினேன். நூறாவது நாள் விழாவுக்கு மறுநாள் காலை ஏழு மணிக்குப் போய், முருகையாவைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, நானே என் இரண்டு கையாலும் பிடுங்கினேன். வேர் விட்டிருந்தது. வெள்ளை வேர், முழ நீளம், சொட்டச் சொட்ட ஈரம். தொண்ணூற்றொரு மதிப்பெண் வாங்கியவள் அந்த ஈரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சவரிமுத்து கடையை அப்போதுதான் திறந்துகொண்டிருந்தார். ஓடி வந்தார்.

"அம்மா, பசங்க வெளையாட்டுக்குப் பண்ணது. அட்டைய நான் அன்னைக்கே கழட்டச் சொன்னேன். கோவம்னா அட்டையக் கிழிங்க. மரத்த எடுத்துட்டா அடையாளம் போயிரும்மா. மழ வேற எறங்கப் போகுது."

"குழியை நிரப்பத்தான் போகிறேன்."

"நெரப்புங்க, வேணாங்கல. அது நிக்காதுன்னு ஒங்களுக்கே தெரியும். மேல ஒரு டிரம்மோ சாக்கோ எதையாச்சும் வைங்கம்மா."

அப்போது ஒரு வாக்கியம் சொன்னேன். பட்டிமன்றத்தில் சொல்லியிருந்தால் கைதட்டல் வந்திருக்கும். "குழி மூடினால் பஞ்சர் குறைந்துவிடுமே என்று கவலையா?" என்றேன். தெருவில் நான்கைந்து பேர் நின்றார்கள். அவர் முகம் எப்படி ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை. "கடைக்கு இன்னும் வாட்டர் டிக்கட் போடல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பஞ்சர் பார்க்கும் வாளியில் தண்ணீர் ஊற்றவில்லை என்பதைத்தான் அப்படி வேடிக்கையாகச் சொல்வார். அன்றும் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு மூட்டைத் தார்க்கலவை கொட்டித் தட்டிவிட்டுப் போனேன். படம் எடுத்து நகராட்சி வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஆணையர் கட்டைவிரலை உயர்த்தினார்.

ஆறு நாள் நின்றது. பிறகு மூன்று நாள் விடாத மழை. வடக்கு ஓரக் கல் உள்ளே இறங்கிவிட்டது. குழி இடுப்பளவு. ஆனால் மேலே சாலையோடு சமமாகத் தண்ணீர், பார்த்தால் சாதாரணத் தேக்கம். ஜெயக்கொடி தன் வண்டியில் வந்தாள். தையற்காரி. ரவிக்கை தைப்பதில் எங்கள் ஊரில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தது. அவளுக்கு ஆண்டு முழுவதுக்கும் சோறு போடுகிற நான்கு நாள். முன்னால் துணி மூட்டையை வைத்துக்கொண்டு, கொடுக்க வேண்டிய வீடுகளுக்குக் கொடுக்கப் போனாள். பட்டப்பகல், மூன்றரை மணி. நூறு நாளாக அந்த மரத்தைப் பார்த்து ஒதுங்கிப் பழகியவள், மரத்தைக் காணோம் என்றதும் குழி சரியாகிவிட்டது என்று நினைத்திருக்கிறாள். நேராக வந்தாள்.

வலது மணிக்கட்டு. இரண்டு எலும்பும்.

அவளைத் தூக்கியது சவரிமுத்துதான். தன் வேட்டியைக் கிழித்துக் கட்டி, ஆட்டோவில் ஏற்றி, தண்ணீரில் மிதந்த ரவிக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கடைக் கம்பியில் காயப் போட்டார். முருகையா வந்து சொன்னார். நான் போகவில்லை. அலுவல் நிமித்தம் போவது பொறுப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும். அப்படித்தான் எனக்கு நானே விளக்கம் கொடுத்தேன். ஜெயக்கொடியிடம்தான் எட்டு ஆண்டாக ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டேன். நடந்து போகிற தூரத்தில் ஒருவர் கிடைத்தார்.

அவள் கணவர் ஆட்சியரிடம் மனுக் கொடுத்தார். ஆட்சியர் அலுவலகம் நகராட்சியிடம் விளக்கம் கேட்டது. "ஆணையர் சொன்னார், அதனால் எழுதினேன்" என்று இந்த இடத்தில் சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? அவர் ஒன்றும் சொல்லவில்லை. "நீங்கதான் நல்லா எழுதுவீங்களே மேடம், பாத்து எழுதுங்க" என்றார், அவ்வளவுதான். பார்த்துத்தான் எழுதினேன். "பொதுமக்களில் சிலர் சாலையின் மேற்பரப்பைத் தோண்டி மரக்கிளையை நட்டு நூறு நாட்களுக்கு மேல் பராமரித்து வந்தமையால், வேர் ஊடுருவிச் சாலையின் அடித்தளம் பலவீனமடைந்து" என்று நீளமான வாக்கியம். பிழை இல்லாத வாக்கியம். நூறு நாள் விழாப் பதாகையின் படத்தையும் இணைத்தேன். அவர்கள் விளையாட்டே அவர்களுக்கு எதிரான சாட்சி. எழுதி முடித்தபோது எனக்கு, நேராகச் சொல்கிறேன், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

'பொதுமக்களில் சிலர்' என்றுதான் எழுதினேன். ஒரு பெயரும் எழுதவில்லை. அது அப்படியே கோப்பில் உறங்கிவிடும் என்று நினைத்தேன். எத்தனை கோப்பு உறங்குகிறது? இது மட்டும் எழுந்து நடந்து வந்தது: அந்தச் சிலர் யார், விசாரித்து நடவடிக்கை எடுக்கவும் என்று. தெருவில் போய் விசாரித்த எங்கள் எழுத்தரிடம், மரத்தை நட்டது யார் என்பதை ஆளாளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள். சவரிமுத்துவுக்கு ஆள் போயிற்று.

இதைத்தான் என்னால் ஒருவரிடமும் சொல்ல முடியவில்லை. என் கணவரிடம்கூட.

சவரிமுத்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். தேய்த்த சட்டை. அவரை நான் கிரீஸ் கறை இல்லாமல் பார்த்ததே இல்லை. தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார். அவருக்கு என்ன சொல்லி அனுப்பினார்கள் என்று தெரியாது. கலெக்டர் ஆபீசில் மரத்தை நட்டது யார் என்று கேட்கிறார்கள், அப்படி ஏதோ. எழுத்தர் கேட்டார், "நட்டது நீங்கதானா?"

"நாந்தாங்க. ஆடி எட்டாந் தேதி. நானே வெட்டி, நானே நட்டு, நாந்தான் தண்ணி ஊத்துனேன். வேற யாரும் பேரு சொன்னாங்கன்னா நம்பாதீங்க."

எழுத்தர் எழுதிக்கொண்டார். சவரிமுத்து என் மேசைப் பக்கம் வந்து குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அம்மா, சால்வ கில்வ போடுவாங்களா? சம்சாரத்தக் கூட்டியாரவா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் முழுக்க விளையாடவில்லை. பாதி விளையாட்டு, பாதி நம்பிக்கை. 'கையெழுத்துப் போடாதீர்கள்' என்று இரண்டே சொல் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது ஒரே சொல். "பார்க்கலாம்" என்றேன்.

அவர் கையெழுத்துப் போட்டார். பெயரை முழுதாக, முதலெழுத்தோடு, கீழே கோடு இழுத்து.

வழக்குப் பதிவானது. கடை இருந்தது புறம்போக்கு இடம். இருபது ஆண்டாக யாருக்கும் தெரியாத ஆக்கிரமிப்பு திடீரென்று தெரிந்துவிட்டது. அப்புறப்படுத்தினார்கள். அந்த உத்தரவு என்னுடையது இல்லை, அதை மட்டும் நம்புங்கள். இப்போது சைக்கிளில் பம்பையும் வாளியையும் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறார். தண்டனை கிடைத்தால் சிறைக்கும் போகலாம். வழக்கறிஞர் வைக்கவில்லை. "நான் நட்டேன்னு நானே சொல்லிட்டேன், வக்கீல் வந்து இல்லன்னா சொல்லுவாரு?" என்றாராம்.

இன்று என் முறை. கூண்டில் ஏறும் முன் ஒரு முடிவு செய்திருந்தேன். மரத்தைப் பிடுங்கியது யார் என்று கேட்டால், நான்தான் என்று சொல்லிவிடுவது. கேட்டால் சொல்வேன், பொய் சொல்ல மாட்டேன். நான் பொய் சொல்கிறவள் இல்லை. அரசு வழக்கறிஞர் பத்தொன்பது கேள்வி கேட்டார், எண்ணிக்கொண்டிருந்தேன். சாலையின் அகலம், விபத்து நடந்த தேதி, அறிக்கை, என் கையொப்பம். அந்தக் கேள்வியை மட்டும் அவர் கேட்கவில்லை. நான் சொன்ன பத்தொன்பது பதிலும் உண்மை.

பிறகு நீதித்துறை நடுவர் சவரிமுத்துவைப் பார்த்தார். "வக்கீல் வைக்கலையா? இந்தம்மாகிட்ட நீங்க ஏதாவது கேக்கணுமா?"

 அவர் கண்ணெதிரில் பிடுங்கியிருக்கிறேன். அந்த ஒரு கேள்வியை அவர் கேட்டால் போதும்.

"ஒண்ணே ஒண்ணுங்கய்யா" என்றார்.

"கேளுங்க."

"அந்த டெய்லர் அம்மாவுக்குக் கை இப்ப எப்படிங்கய்யா இருக்கு? நான் ரெண்டு தரம் போனேன். வீட்டுக்காரரு வெரட்டி விட்டுட்டாரு, நாந்தான் ரோட்டத் தோண்டுனேன்னு நெனைக்கிறாரு. மேடம் ஆபீசுக்காரங்க, போய்ப் பாத்திருப்பாங்க. ஊசி பிடிக்க முடியுதான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்கய்யா."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நடுவர் சிரிக்கவில்லை. "இது வழக்குக்குச் சம்பந்தமில்லாத கேள்வி" என்றார். கொஞ்ச நேரம் எதையோ எழுதினார். பிறகு என் பக்கம் திரும்பி, "தெரிஞ்சா சொல்லுங்கம்மா" என்றார்.

தெரியாது என்றேன்.

"ஒரு வருசம் ஆகுதே?"

தெரியாது என்றேன் மறுபடியும். இருபதாவது பதில். அதுவும் உண்மைதான்.

அடுத்த தேதி இருபத்துமூன்று. அன்றைக்கு அவர் தரப்பைக் கேட்டுவிட்டு முடித்துவிடுவார்கள். அதற்குள் நான் அரசு வழக்கறிஞரைப் பார்த்து, இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, என்னைத் திரும்ப அழையுங்கள் என்று கேட்கலாம். சட்டத்தில் இடம் இருக்கிறது, விசாரித்துவிட்டேன். நாளைக்குப் போகலாம். நாளை இரண்டாம் சனி. திங்கட்கிழமை எங்களுக்கு வார்டு ஆய்வு. செவ்வாய்... பார்க்கலாம்.

என்ன கேட்டீர்கள்? ஆமாம். இவ்வளவையும் உங்களிடம் சொல்கிறவள் அங்கேயே சொல்லியிருக்கலாம். நியாயமான கேள்வி. அங்கே இருந்தவர்கள் எல்லாரும் என்னைத் தெரிந்தவர்கள். மேடம் கை சுத்தம், மேடம் நேர்மை, மேடத்தின் பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று அறிந்தவர்கள். நீங்கள் என்னை அறியாதவர். அதனால் உங்களிடம் வருகிறது. வேண்டாம், தயவுசெய்து உங்கள் பெயரைச் சொல்லாதீர்கள். தெரிந்தவராகிவிடுவீர்கள்.

இதோ, எங்கள் பெயர்ப்பலகை தாண்டிவிட்டது. இனி வருகிற குலுக்கல் எல்லாம் என் கணக்கு. அடுத்து நிற்பது பழைய சந்தை முனை. ஜெயக்கொடியின் வீடு அங்கேதான். இறங்கி நடந்தால் இரண்டு நிமிடம், நீல வாசல். எப்படியம்மா இருக்கிறது கை என்று கேட்டால் போதும். மற்றது தானாக வந்துவிடும் என்று தோன்றுகிறது. நடத்துநரும் விசில் கொடுத்துவிட்டார்.

ஐயோ, எதற்கு எழுந்துகொள்கிறீர்கள்? வழிவிடவா? தூக்கைக்கூட மடியில் எடுத்து வைத்துக்கொண்டீர்களே. நல்ல மனசு உங்களுக்கு. உட்காருங்கள், உட்காருங்கள். நான் இதற்கடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்கிறேன்.